காலியாக விடக்கூடாத கட்டம்

காவேரிப்பட்டினத்தில் ஜூன் மாதம் எதை முகர்ந்தாலும்
மாங்கூழ் வாடைதான்.
பங்கு அலுவலகத்து ஜன்னலைச் சாத்தவும் வழியில்லை,
தாழ்ப்பாள் உடைந்து மூன்று வருஷம்.
நானூற்றுப் பன்னிரண்டு குடும்ப அட்டைகளை
தர்மபுரியிலிருந்து வந்த மென்பொருளுக்குள் இறக்கவேண்டும்.
நாளுக்கு முன்னூறு ரூபாய், மதியம் சாப்பாடு.

முதல் நாள் வெறும் பெயர், பிறந்த தேதி, திருமுழுக்கு, உறுதிபூசுதல்.
கண் பழகியதும்
மற்றதையும் படிக்க ஆரம்பித்தேன்.
கடன் எவ்வளவு.
கணவர் குடிப்பாரா, எப்போதாவதா, தினமுமா.
பிரிந்து வாழ்பவர் எனில் காரணம்.
சந்தா பாக்கி.
யார் எதை எழுதி, அடித்து,
வேறு மையில் வேறு எதை எழுதினார்கள் என்பதுவரை
தெரிந்துவிட்டது எனக்கு.
பால் வாங்கப் போனால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.
பாவசங்கீர்த்தனத்துக்காவது
நடுவில் ஒரு சல்லடை உண்டு.

தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.
போன வருஷம் குருபரப்பள்ளி அருகே லாரி மோதி
போன் நொறுங்கி, பெயரில்லாமல் கிடந்தான் ஒரு பையன்.
கழுத்து உத்தரியத்தைப் பார்த்து போலீஸ் கோயிலுக்குச் சொல்ல,
இந்த அட்டைகளைப் புரட்டித்தான்
ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அம்மாவைப் பிடித்தார் சாமியார்.
இரத்த வகைகூட இருந்தது அதில்.

செவ்வாய்க்கிழமை திரவியமேரி வந்தாள்,
அங்கன்வாடி உதவியாளர்,
பையில் ஆறு செந்தூராப் பழம்.
"என் அட்டைய ஏத்தியாச்சா பாப்பா?"

ஏற்றியாச்சு.
கோயிலில் பெயர்: திரவியமேரி.
சாதிச் சான்றிதழில் பெயர்: மாதம்மாள்.
எண், தேதி, தாலுகா,
எல்லாம் ஒரே வரிசையில், ஒட்டி ஒட்டி.

"முப்பத்தோரு வருஷமா
ரெண்டு பேரையும் ஒரே ரூமுல உக்கார வெச்சதில்ல நான்.
மாதம்மா சம்பளம் வாங்குறா.
அவ சர்ட்டிபிகேட்டுலதான் பையன் பர்கூர் காலேஜுல படிக்கிறான்.
திரவியமேரி ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்.
தண்ணி ஊத்துனது தண்ணிக்குத் தெரியும்.
உங்க பொட்டிக்கு எதுக்கு?"

யாரை எடுக்கட்டும் என்று கேட்டேன்.
பழங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள்,
திரும்பப் பைக்குள் போட்டாள்,
திரும்ப வைத்தாள்.
"நாளைக்குக் கல்லறையில இடம் கேக்கணுமே.
மாதம்மாவ எடுத்துடு."

அந்தக் கட்டத்தின்மேல் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் சேமிக்காது.
மூன்று தடவை மறுத்தது.
ஒரு புள்ளி வைத்தேன்.
சரி என்றது.

ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து
பிறந்தநாள் பட்டியல்.
அச்சில் வருவது சான்றிதழ்ப் பெயர் என்று
எனக்கும் யாரும் சொல்லவில்லை.
சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்:
காளியப்பன்.
முனிரத்தினம்.
கெங்கம்மாள்.
கோயில் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
தூண் ஓரமிருந்த ஒருவர்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த வரியில் சாமியார் நின்றார்.
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இன்னும் ஒருத்தர்" என்று சொல்லித் தாளை மடித்தார்.
எல்லோரும் கைதட்டினோம்.
மூன்றாம் வரிசையில் அவளும் தட்டினாள்,
யாருக்கோ தட்டுகிற மாதிரி.

கரண்ட் போய்விடும் என்ற பயத்தில்
திங்கட்கிழமையே ஒரு நகல் எடுத்திருந்தேன்.
விரல் நுனி அளவு பென்டிரைவ்,
வீட்டுச் சாவியோடு கோத்திருக்கிறது.
அதில் புள்ளி இல்லை.