ஐந்தாவது டப்பா

கீழக்கரை பேருந்து நிலையத்தில் தொடங்கி
அதே பேருந்து நிலையத்தில் முடியும் வழி.
பதினொன்றரைக் கிலோமீட்டர், ஏழு டப்பாக்கள்.
புறப்பட்ட இடத்துக்கே வர எதற்கு நடக்கிறீர்கள் என்று
டீக்கடைக்காரர் கேட்டதற்கு
சுலைஹா சொன்னாள்: "தொதல் வாங்க."

முதல் டப்பா தண்ணீர்த்தொட்டியின் இரும்புக்காலில்
காந்தத்தோடு ஒட்டியிருந்தது, கட்டைவிரல் அளவு.
இரண்டாவதைச் சந்துச்சுவரில் தடவிக்கொண்டிருந்தபோது
எதிர்மாடி ஜன்னலில் ஒரு கை வெளிவந்து
இன்னும் இடப்பக்கம் என்று காட்டி மறைந்தது.
மூன்றாவது இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை.
நான்காவதை எறும்புகள் எடுத்துக்கொண்டிருந்தன,
கையெழுத்துப் போடாமலே மூடினோம்.

பிறகு ஊர் முடிந்தது.
சீமைக்கருவேலம்,
அதன்பின்னும் சீமைக்கருவேலம்.
கைபேசி அம்பு தெற்கே என்றது, வழி கிழக்கே போனது.
நான்கு மீட்டர், ஒன்பது மீட்டர், மறுபடி நான்கு.
வானத்தில் அத்தனை செயற்கைக்கோள் இருந்தும்
முள் குத்துவது நமக்குத்தான்.

மண்பூசிய கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது.
அதன் பின்னே பட்டுப்போன பனையின் பொந்தில்
நீலமூடி டப்பா.
உள்ளே ஒரு சோழி, சாவி இல்லாத சாவிக்கொத்து,
நாற்பது பக்க நோட்டு.
பரமக்குடி ஜெயசீலன், மண்டபத்திலிருந்து இரண்டு பேர்,
தன்னை 'ஒற்றைச்செருப்பு' என்று எழுதிய யாரோ.
அவர்களுக்கு நடுவே, வேறு பேனாவில்:
'திங்கள் 6 மூடை. புதன் 9. முன்பணம் 500.
வெள்ளி மழை.'

நான் கூட்டுறவு வங்கித் தணிக்கையில் இருப்பவள்.
எண்ணைக் கண்டால் கூட்டாமல் இருக்க முடியாது.
விரல் கீழே ஓடியது: நாற்பத்தேழு.
பக்கத்தின் அடியில் வட்டம் போட்டு,
'அவன் குடுத்தது 44க்கு.'

"தேதி போட்டு எழுதுங்க" என்றது பின்னால் ஒரு குரல்.
முத்திருளாயி. புருவம்வரை கரி, தோளில் சாக்கு.
எந்த ஆபீஸ் என்று அவள் கேட்கவில்லை.

"மாசம் ரெண்டு பேராச்சும் வந்துர்றாக.
முள்ளுக்குள்ள தேடி எடுத்து, பேரெழுதி,
இருந்த எடத்துலயே வச்சுட்டுப் போறாக.
இதவிட நல்ல சாட்சி எங்க கெடைக்கும்?
வீட்டுல வச்சா, நேத்து ராத்திரி எழுதுனதும்பான்.
நீங்க தேதி போட்டதுக்கு மேல
நான் ஒரு மூடைய நொழைக்க முடியாதுல்ல."

இது விளையாட்டு என்று விளக்க சுலைஹா வாயெடுத்தாள்.
நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.
தொட்டிருக்க வேண்டியதில்லை.
"வெளையாட்டுன்னு தெரியும்" என்றாள் முத்திருளாயி,
"கையெழுத்து கையெழுத்துதான."

"மூணு மூடை குறையுது" என்றேன்.
"அதுக்குத்தான் வட்டம் போட்ருக்கேன்."

எழுதினோம்.
சுலைஹா தகப்பன் பெயரோடு, நான் பணி எண்ணோடு.
அலுவலக முத்திரையைக் கொண்டுவராதது உறுத்தியது,
ஞாயிற்றுக்கிழமையில், முள்காட்டில்.

ஆறாவது, கரையேற்றிய வத்தையின் அணியத்துக்குள்.
ஏழாவது, காலையில் டீ குடித்த பெஞ்சுக்கு
நேர் பின்னால், செங்கல் இடுக்கில்.
"தொதல் வாங்கியாச்சா?" என்றார் கடைக்காரர்.
மறந்துபோயிருந்தோம்.
டம்ளரில் என் கட்டைவிரல் ரேகை
கறுப்பாகப் பதிந்திருந்தது.
அதையும் சேர்த்து
வாளித்தண்ணீரில் முக்கி எடுத்தார்.