ஒரு மயிரிழை கீழே

சுவாவ்கியில், டயர் கடைக்கு அடியில் நிலவறை.
உருளைக்கிழங்கு மூட்டைகளின் ஈரம்
இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறோம்
சத்தம் வெளியே போகாமலிருக்க.
போகிறது.

பாடுகிறவன் பொகுமிவ்.
கடவுளுக்குப் பிரியமானவன் என்று பொருள்.
நாலு வருஷமாக அந்தப் பெயரைத்தான்
தொண்டையிலிருந்து கக்கிக்கொண்டிருக்கிறான்.
ட்ரம்ஸில் யாகோடா; பகலில் பல் மருத்துவமனை.
நான் பேஸ்.

முந்நூறு கேசட் போட்டோம், நூற்றுப்பத்து விற்றது.
ஒன்றைப் பாதிரியார் வாங்கினார்
போலீசில் கொடுப்பதற்காக.
சில்லறை சரியாகத் தந்தார்.

வெளியே சொல்லாத விஷயம் ஒன்று:
எங்கள் தடித்த கம்பிக்குச் சுருதி
தேவாலயத்தின் ஆறு மணி.
விளிம்பில் விரிசல் விட்ட வெண்கலம்,
எந்தக் கருவியிலும் இல்லாத ஸ்வரம்,
ஒரு மயிரிழை கீழே.
கடவுளைப் புதைக்கும் ஏழு பாட்டும்
அதன்மேல்தான் நிற்கின்றன.

நவம்பரில் மணியை இறக்கிவிட்டார்கள்.
கோபுரத்தில் இப்போது ஒலிபெருக்கி,
எங்கோ பதிவுசெய்த
கழுவித் துடைத்த ஓசை.
ஊரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
சிலுவைக்குறி போட்டபடி பஸ் ஏறினார்கள்.

பொகுமிவ் மைக்கைக் கீழே வைத்தான்.
"பொய்" என்றான்,
உறுமாமல், சொந்தக் குரலில்.
அன்று ஒத்திகை நடக்கவில்லை.

சனிக்கிழமை பழைய இரும்புக் கடையில்
யாகோடா பேரம் பேசினாள்.
எடைக்கு எடை விலை.
கேசட் காசு மொத்தமும் போனது,
என் ஆம்ப்ளிஃபையரும்.
"எந்தக் கோயிலுக்கு?" என்றான் கடைக்காரன்.
யாரும் வாயைத் திறக்கவில்லை.

பனியில் குப்புறக் கிடந்தது.
அவள் விரல் முட்டியால் தட்டினாள்.
நான் மண்டியிட்டுக் காதை வைத்தேன்,
அதைத் தவிர வேறு வழியில்லை
கேட்பதற்கு.