நாற்பத்திரண்டு லட்சம் கிலோ

யஷ்வந்த்பூர் மண்டியில்
ஒரு மூட்டை வெங்காயத்தின் எடை
நாற்பத்திரண்டு லட்சம் கிலோ என்றது என் திரை.
சித்தலிங்கப்பா தராசை ஒரு உதை உதைத்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
லாரிக்காரர் மட்டும்
அந்தக் கணக்கிலேயே பணம் கொடுங்கள் என்றார்.

இறக்கினோம். ஏற்றினோம்.
காலையில் நாற்பது நிமிடம்
ஐம்பத்தொன்று, ஐம்பது, ஐம்பத்தொன்றரை என்று
ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.
இப்போது இன்னொரு பெரிய எண் சொல்லிவிட்டு
மொத்தமாகச் செத்து விழுந்தது,
ஒரு வரி பிழைச்செய்திகூட இல்லாமல்.

தராசோடு பேசுவது ஒரு பழைய சி லைப்ரரி.
எழுதியவர் யாரென்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது.
அதைக் கூப்பிடுவது என் பைத்தான்.
இந்தத் தராசுக்கான திருத்த அட்டவணை இங்கே இருக்கிறது,
ஒவ்வொரு எடைக்கும் பார்த்துக்கொள் என்று
ஒரு முகவரியை அதனிடம் கொடுத்தேன்.
கொடுத்த கையோடு மறந்தேன்.

இந்தப் பக்கம் எண்ணுகிறவன் ஒருவன் உண்டு.
எதை எத்தனை கை பிடித்திருக்கிறது,
அது ஒன்றுதான் அவன் கவலை.
மூன்று. இரண்டு. ஒன்று.
சுழியம் என்றால் பெருக்கிவிடுவான்.
கெட்டவனில்லை,
அவன் பெருக்காவிட்டால் மதியத்துக்குள்
இந்தக் கணினிக்கு மூச்சு முட்டும்.
ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து நீளும் கை
அவன் கணக்கில் வராது.
அப்பாலோ, எண்ண ஆளே கிடையாது.
ஒருமுறை முகவரி சொன்னால்
கடைசிவரை அங்கேதான் போய் நிற்பார்கள்.

காலிசெய்த வீட்டிலும்
சுவர்க் காலண்டர் கொஞ்ச நாள் தொங்கும்.
அந்த நாற்பது நிமிடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

வெங்காயத் தோலுக்கு நடுவே
மடிக்கணினியை மூட்டைமேல் வைத்துத்
தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.
பிஸ்வஜ்யோதி. கக்கதாசபுரத்தில்
மார்ச்சில் நான் விட்ட வீட்டில் இருக்கிறார்.
அக்கா, உங்கள் பெயரில் சிலிண்டர் வந்தது,
அவசரத்துக்கு மாட்டிவிட்டேன்,
மீன்கூட வறுத்தாயிற்று, மன்னியுங்கள் என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை.
மீன் வாசனைபோல ஒன்று தட்டுப்பட்டது.

திறந்து பார்த்தேன்.
அட்டவணை இருந்த இடத்தில்
அந்த லாரியின் பதிவு எண் குடியிருந்தது.
கே, ஏ, பிறகு இலக்கங்கள்.
லைப்ரரி அதையே திருத்தமென்று நம்பி
வெங்காயத்தை அதனால் பெருக்கியிருக்கிறது.
போதாக்குறைக்குத் தன் சுழியக் கணக்கை
அங்கேயே எழுதியும் வைத்திருக்கிறது,
வேறொருவர் சமையலறையில்.

மருந்து ஒரே வரி.
அட்டவணைக்கு ஒரு பெயர் வைத்து
நிரல் சாகும்வரை சாகாத இடத்தில் கட்டிப்போட்டேன்.
அந்தப் பெயரை யாரும் வாசிக்கப்போவதில்லை.
பிடித்திருப்பது தவிர
அதற்கு வேறு உத்தியோகம் இல்லை.

சாயங்காலம் ஃபர்ஹீன் சரிபார்த்தாள்.
இந்த மாறியை எங்கேயும் பயன்படுத்தவில்லையே,
நீக்கிவிடட்டுமா?

தொடாதே என்று எழுதினேன்.
ஏன் என்று மூன்று வரி எழுதினேன்.
அடுத்த வருடம் நானே வந்து நீக்கக்கூடும் என்பதால்
தேதியையும் எழுதினேன்.

ஜாலஹள்ளி பஸ்ஸில் நின்றபடி
கேஸ் கம்பெனியைக் கூப்பிடுகிறேன்.
முகவரி மாற்றத்துக்கு நான்கை அழுத்தவும்.
கன்னடத்தில், பிறகு இந்தியில்,
இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்கிறது ஒரு குரல்.
கோரகுண்டேபாளையம் தாண்டிவிட்டது.
ஒரு கை கம்பியில், ஒரு கை போனில்.
விடவில்லை.