கறுப்புக் காது

அர்ஹங்காய் மலையின் வடசரிவு.
வட்டக் கம்பளிக் கூடாரத்துக்குள்
காய்ந்த சாணி எரிகிற அடுப்பு.
பேட்டரியில் ஓடும் என் சிறிய ஸ்கேன் இயந்திரத்தை
மாவுப் பெட்டிமேல் வைத்திருக்கிறேன்.
ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கி
கொம்போசுரேனின் விலாவில் தடவுகிறேன்.
"மூச்சை இழுங்க. பிடிங்க."

திரையில் அவர் ஈரல்.
வழவழவென்று இருக்க வேண்டிய ஓரம்
கிழங்கு மூட்டைபோல் முண்டும் முடிச்சும்.

பத்தொன்பது வயதில், பட்டாளத்து முகாமில்,
வரிசையாக நின்றவர்களுக்கெல்லாம் ஒரே கண்ணாடி ஊசி.
அன்று நுழைந்தது
நாற்பத்தொரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறது.
தின்னத் தின்ன முளைத்தது ஈரல்.
முளைத்ததைத் தின்றது அது.
இடையிடையே தழும்பு
பழைய வேலிகளைப்போல.

வலப்பக்கம் ஒரு கருவட்டம்.
இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்.
மறுபடி அளந்தேன்.
குறையவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது,
அவரை மூச்சு விடச் சொல்லவில்லை.

"என்னம்மா?"
"ஏதோ வளர்ந்திருக்கு."
"வளர்றது நல்லதுதானே?"

மந்தை வைத்திருப்பவரிடம்
இதற்கு என்ன பதில் சொல்ல.
செத்த இடத்தை உங்க ஈரல் நிரப்பிக்கிட்டே வந்தது,
ஒவ்வொரு தடவையும் தன்னைப் பார்த்துத் தானே படியெடுத்து.
அவசரத்தில் எழுதினால் எழுத்துப் பிழைக்கும்.
பிழையானது பெரும்பாலும் மடிந்துபோகும்,
எப்போதாவது ஒன்று...

கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஜுட் வந்த வருஷம் நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பே.
புல்லின் மேல் பனி,
பனியின் மேல் கல்லாய் உறைந்த இன்னொரு பனி.
முந்நூற்றிருபது ஆடு எனக்கு.
வசந்தத்தில் பதினொன்று.
அதில் ஒன்று கறுப்புக் காது.
பக்கத்து ஆட்டின் ரோமத்தை,
அது உயிரோடு நிற்கும்போதே,
பிடுங்கித் தின்று பிழைத்தது.
சாதுவானதெல்லாம் நின்றபடியே செத்தது.
அடுத்த வருஷமும் ஜுட்.
பிறகு ஒன்பது வருஷம் கழித்து.
ஒவ்வொரு தடவையும்
மிஞ்சினதில் இருந்துதானே மந்தை?
வெளியே போய் எண்ணிப் பார்,
வெள்ளைக் காது எத்தனை என்று."

நான் எழவில்லை.
வரும்போதே பார்த்திருந்தேன்.

கதவோரம் நின்ற மகள் உரான்சிமெக்,
பிறந்த அன்றே தடுப்பூசி போட்ட தலைமுறை,
பால் வாளியைக் கீழே வைத்தாள்.
"என்னுடையதில் பாதியை வெட்டி வையுங்க.
எனக்குத் திரும்ப வளர்ந்திடுமாமே."

அவர் மகளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்:
"வளர்ந்தால், இவளுக்கும் இது வருமா?"

ஒரு தடவை மேய்ந்த புல்வெளி
மழைக்குப் பின் பழைய உயரம்வரை வந்து நின்றுகொள்ளும்.
ஓயாமல் வேர்வரை மேய்ந்த நிலத்தில்தான்
முள் முளைக்கும்.
அப்படித்தான் சொன்னேன்.
கத்தி வைத்தால் வேறு ஆபத்துகள் உண்டு,
அதையும் சொன்னேன், மெதுவாக.
உலான்பாதருக்கு எழுதித் தருகிறேன் என்றேன்.
பேனா மை குளிரில் வரவில்லை.
அடுப்பருகே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே போனார்.
விருந்தாளி வந்தால் ஒன்று அறுக்க வேண்டும்.
நெஞ்சில் சிறு கீறல், உள்ளே கை,
ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழவில்லை.
தாலத்தில் ஆவி பறக்க ஈரல் வந்தது.

பழக்கதோஷம்,
கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.
ஓரம் கத்திபோல் கூர்மை.
ஒரு முடிச்சில்லை, ஒரு தழும்பில்லை.
அத்தனை ஜுட்டையும் தின்று வந்த வம்சத்தின்
பழுதில்லாத ஈரல்.

உரான்சிமெக் அதைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுட்டாள்.
முதல் துண்டை அவர் எனக்கு நீட்டினார்.

"நீங்க?"

"நீ சாப்பிடு.
இன்றைக்கு ஒரு ஈரல் பார்த்தாயிற்று எனக்கு."