பின்பக்கம்

ஆல்னிஃபிலிருந்து கிழக்கே போகிற சாலையில்
ஒரு மேசை, கம்பி ஒடிந்த குடை, நான்.
மேசைமேல் நாற்பது கோடி வருடம்
விலை ஒட்டாமல் கிடக்கிறது.
ஆளைப் பார்த்துத்தான் விலை.

இடது வரிசை இத்தோவுடையது, என் தம்பி மனைவி.
ஊசிமுனைக் குழலால் காற்றை ஊதி
பாறையைத் துகள் துகளாய் நகர்த்துவாள்.
ஒரு டிரைலோபைட்டின் முதுகுமுள் வெளியே வர
ஒன்பது நாள்.
விரிசல் இருந்தால் இருந்தபடி விடுவாள்.
"கல்லில் ஓடுகிற விரிசல்
பூச்சிக்குள்ளும் ஓடணும்.
அப்போதான் ரெண்டும் சேர்ந்து கிடந்ததாய் அர்த்தம்."

வலது வரிசை நான் பெற்றது.
கார் நசுங்கலை அடைக்கிற பசை,
சலித்த கல்தூள், கொஞ்சம் ஷூ பாலிஷ்.
ரப்பர் அச்சில் ஊற்றிவைத்தால்
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பிறக்கும்.
எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்,
இடது கன்னத்தில் ஒரே மச்சம்.
அதனால் ஒரே நாளில் இரண்டை
மேசையில் வைப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை வந்தவள் போலந்துக்காரி.
போஷெனா. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள்.
உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
வாயைத் திற என்று சொல்லாத குறையாய்க் குனிந்தாள்.
என் மூத்த பிள்ளையைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை காலத்தில்
ஒரு முள்கூடவா ஒடியவில்லை?"
அவளுக்கும் எனக்கும் பொதுவான பிரெஞ்சு
பாதி ஒடிந்தது.
நல்ல பாறை, என்றேன்.

கண்ணைப் பார்த்தாள்.
நிஜத்தின் கண்ணில் பளிங்கு மணிகள்
வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும்.
என் பிள்ளையின் கண்ணில் குமிழி.
பசைக்குள் மாட்டிக்கொண்ட காற்று;
ஆதிக் கடலின் நடுவே
போன மாதத்து என் பட்டறை மூச்சு.

லைட்டரில் ஊசியைக் காய்ச்சித் தொட்டாள்.
நாறியது.
"அடைப்பு" என்றாள்,
ஆயிரம் வாய்களுக்குள் சொல்லிப் பழகிய குரலில்.

அடுத்த பொய்யை நான் தேடுவதற்குள்
கல்லைத் திருப்பினாள்.

யாரும் திருப்புவதில்லை. நானும்தான்.
பூச்சி பொய்யென்றாலும் அடியில் இருக்கிற கல் நிஜம்:
ஹம்முவின் பள்ளத்தில் கழித்துக் கொட்டியது,
கழுதைச் சுமை பத்து திர்ஹம்.

பின்பக்கத்தில், விரல் நீளத்துக்கு,
இரண்டு வரிசைக் கீறல்.
பிரித்த தையலின் ஊசித்தடம் போல.
நேராய் வந்து, ஓரிடத்தில் தயங்கி,
எதையோ கண்டு இடப்பக்கம் ஒதுங்கி,
கல் உடைந்த விளிம்பில் காணாமல் போகிறது.

மெய் இல்லை.
நடை மட்டும் இருக்கிறது.

"எவ்வளவு?"
எண்ணூறு சொல்ல எழுந்த வாய்
"எந்தப் பக்கத்துக்கு?" என்று கேட்டுத் தொலைத்தது.

அவள் சிரிக்கவில்லை.
முந்நூறு எண்ணி வைத்தாள்.
முன்பக்கத்தைப் பெயர்த்துத் தரச் சொன்னாள், சுமை குறையுமாம்.
என் உளி, என் கை.
இரண்டே தட்டு. பிள்ளை பொத்தென்று மண்ணில் விழுந்தது.
இடது வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து
இத்தோ பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு டார்ச்சோடு பின்கட்டுக்குப் போய்
மிச்சக் கற்கள் முப்பத்தொன்றையும் புரட்டினேன்.
ஒரு தேள். கொஞ்சம் சுண்ணாம்பு வெள்ளை.
வேறொன்றுமில்லை.

தூக்கம் வராமல் விற்றவற்றை எண்ணினேன்.
ஒசாகாவில் ஒரு பற்பசைக் கம்பெனியின் வரவேற்பறை,
லியோனில் ஒரு வக்கீல் வீடு,
பெயர் மறந்த ஊர்கள்.
என் பிள்ளைகளை முன்னே காட்டிக்கொண்டு
எத்தனை கற்கள் முகத்தைச் சுவரில் புதைத்து நிற்கின்றனவோ.

மறுநாள் வலது வரிசையில்
புதிதாய் ஒன்றை வைத்தேன்.
ஒட்டுவதற்கு முன்
திருப்பிப் பார்த்துவிட்டுத்தான்.