உத்தரவாதத்தில் அடங்காதவை

முதல் கித்தாரைக் கொன்றது லோகேஸ்.
கொலை என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்துவிட்டான்.
பீடோங் மண்டபத்தின் பின்னறை இருட்டில்
கல்யாணச் சாப்பாடு முடிந்த அசதி,
துணிமூட்டை என்று நினைத்தானாம்.
தலை சாயும் இடத்தில் கழுத்து முறிந்தது.
பசை போட்டு ஒட்டினோம். பேசியது.
ஆனால் மேல்ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம்
பொய் பேசியது.

இரண்டாவது மழையில் போனது.
திருவிழா, லாரிதான் மேடை,
தார்ப்பாயில் மாலையிலிருந்து தேங்கிய தண்ணீர்
மூன்றாம் பாட்டின் நடுவில் மொத்தமாய் என்மேல் இறங்கியது.
ஏற்பாடு என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

ஆகவே இந்த முறை
நான்கு மாத ஓவர்டைம்,
கையுறைத் தொழிற்சாலையின் வெள்ளை மாவு
நகக்கண்ணில் போகாத விரல்கள்,
சங்கத்தில் முந்நூறு வெள்ளி கடன்.
மனுவை வாசித்த கிராணி கேட்டார்:
"கித்தா வாங்கவா?
எல்லாரும் வெட்டிட்டுச் செம்பனை போட்டாச்சு,
நீ ஏம்மா இப்போ?"
ஒரு 'ர்' போட்டுக் கொடுத்தேன்.
"ஓ" என்றார். அதைவிட மோசம் என்பதுபோல்.

சுங்கைப்பட்டாணி. ஆ கியோங் கடை.
சுவர் முழுக்கத் தொங்குகின்றன,
மாலை மாற்றக் காத்திருப்பவை போல.
"சத்தம் கேட்டுப் பாக்கலையா?" என்கிறார்.
சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்,
விழுந்தால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்கள்.

செம்மர நிறத்தில் ஒன்று, அழகு,
கழுத்தை ஒட்டியிருக்கிறார்கள், தலை பின்னால் சாய்வு.
மல்லாந்து விழுந்தால் முதலில் தரை தொடுவது அதுதான்.
லோகேஸை நினைத்துக்கொண்டேன். வேண்டாம்.
கைப்பிடி ஆட்டினால் சுருதி நெளியும் இன்னொன்று,
உள்ளே சுருள்வில்.
ஒரு கம்பி அறுந்தால்
மிச்சம் ஐந்தும் வேலைநிறுத்தம்.
வேண்டாம்.

மூலையில், கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்தபடி
திரிந்த பால் நிறத்தில் ஒரு பலகை.
சும்மா பலகை.
நாலு திருகாணி கழுத்தைப் பிடித்திருக்க,
பாலம் அசையாமல் மரத்தோடு மரமாய்.
ஒயர் சொருகும் இடத்தில் பிளாஸ்டிக் இல்லை, இரும்புத் தகடு;
இருட்டில் யாராவது ஒயரைத் தடுக்காத மேடை
எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.
பையிலிருந்து திருப்புளி எடுத்துப் பின்மூடியைத் திறந்தேன்.
ஆ கியோங் நாற்காலியை விட்டு எழுந்தார்.
ஈயப் பற்று கெட்டி. மூடினேன்.

"இடுப்புயரத்திலிருந்து ஒரு தடவை போட்டுப் பாக்கவா?"
"போட்டா நீ வாங்கிட்டே."
"ஓரம் ஏற்கெனவே பெயர்ந்திருக்கே."
அவர் கதவைப் பார்த்தார். நூறு குறைத்தார்.

கூடவே ஓர் உத்தரவாத அட்டை, ஓராண்டு.
அடங்காதவை: விழுதல், மோதல், நனைதல்,
ஈரப்பதம், கடும் வெப்பம், வாகனத்தில் எடுத்துச் செல்லல்.
திருப்பி வாசித்தேன்.
எங்கள் ஊரை இவ்வளவு சுருக்கமாக
யாரும் எழுதியதில்லை.

முதுகில் அதைக் கட்டிக்கொண்டு கப்சாயில் திரும்பும் வழி.
ஆலைக்குத் திரும்பும் வளைவில்
லாரி உதிர்த்துப் போன செம்பனைக் குலை,
பன்றிக்குட்டி பருமனில்.
அதைச் சுற்றினேன், சிந்திய எண்ணெயைப் பார்க்கவில்லை.
மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
வார் அறுந்து அது தனியாக
காண்டா ஓரம்வரை உருண்டு போனது.

போய் எடுத்தேன். ஜிப்பைத் திறந்தேன்.
புல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
ஐந்து சரி.

குலையைப் பொறுக்கத் திரும்பிய லாரிக்காரர்
கதவைத் திறந்தபடியே கத்தினார்:
"ஒன்னும் ஆவலையே?"
"கீழ்க்கம்பி கொஞ்சம் இறங்கிருச்சுண்ணே,
முறுக்கினா சரியாயிரும்."
அவர் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.