அரை மாத்திரை

ஓக்லஹோமா, மக்கலெஸ்டர் ஊர் எல்லை.
டயர் கடைக்குப் பின்னால் ஒரு மதுக்கூடம்.
பழைய பாடகி டென்வருக்குப் போய்விட்டாள்,
எங்கள் டிரம்மரையும் கூட்டிக்கொண்டு.
செவ்வாய்க்கிழமை ஆள் தேடினோம்.

முதலில் வந்தவனுக்குத் தொப்பி பிரமாதம்.
அடுத்தவள் குரல் கூரைத் தகரம்வரை போய்
அங்கேயே நின்றுகொண்டது;
கீழே இருந்த எங்களை அது பார்க்கவே இல்லை.

வெர்னா ஸ்டக்கி மாட்டுச் சந்தையில் எடை போடுகிறவள்.
பூட்ஸில் இன்னும் சாணி.
சுருதி எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.
"பேசுகிற இடத்திலேயே இருக்கட்டும்."

விட்டுப் போனவன் பாட்டுதான், எல்லோரும் பாடுவது.
அழுகையை என் ஸ்டீல் கிடாரிடம் விட்டுவிட்டு
அவள் சேதியை மட்டும் சொன்னாள்,
இத்தனை பவுண்டு என்று சீட்டில் எழுதுவதுபோல.
மேசைமேல் தட்டு,
தட்டில் பாதி ரொட்டி,
பக்கத்தில் அவன் வைத்துவிட்டுப் போன

அங்கே நின்றாள்.
மூச்சுகூட இல்லை.
தாளம் அவளைத் தாண்டிப் போய்த்
திரும்பிப் பார்த்தது.
பிறகுதான், கையிலிருந்து இறக்கி வைப்பதுபோல்,
"சாவி" என்றாள்.

பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஹோய்ட்
ஒரு சுரத்தை விட்டுவிட்டுத்
தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.

மெய்க்கு அரை மாத்திரைதான்.
நீட்டினால் அது வேறு எழுத்து.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.
அவள் மைக்கைச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டு,
முன்பணம் கிடைக்குமா என்றாள்,
பின்சக்கரம் ஒன்று வழுக்கையாகிவிட்டதாம்,
முன்னால் இருக்கும் கடை
ஆறு மணிக்கு மூடிவிடுவார்களாமே.